வால்வு கிட்டார் ஆம்ப்பில் பயாஸ் கோளாறு: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிட்டார் ஆம்ப்பில் ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளில், சிக்னல் இல்லாதபோது எவ்வளவு மின்னோட்டம் ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அமைப்பே பயாஸ். அது தொடர்பான கோளாறுகள் திரும்பத் திரும்ப ஒரு சில வடிவங்களிலேயே வந்து நிற்கின்றன. அவற்றை அறிகுறி வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனையில் தொடங்கிச் செலவு மிகுந்த பழுது வரை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அளவு தவறாக இருப்பதைக் கண்டவுடன் பயாஸ் பிரீசெட்டை (திருகிச் சரிசெய்யும் சிறிய மாறு ரெசிஸ்டர்) திருப்பி எண்ணைச் சரிக்கட்டிவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய தவறு. வால்வை மாற்றாமலேயே அளவு மாறியிருக்கிறது என்றால், சர்க்யூட்டில் வேறு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்னவென்று கண்டுபிடிக்காமல் பிரீசெட்டைத் திருப்பினால் எண் சரியாகிவிடும். பழுது அதற்குள் பதுங்கிக்கொள்ளும். பிறகொரு நாள் நல்ல வால்வையோ அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையோ அது காவு வாங்கும்.

## திறப்பதற்கு முன்

இந்த ஆம்ப்புகளுக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை டிசி மின்னழுத்தம் இருக்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்களில் அது தங்கியிருக்கலாம். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு அது. ஆகவே உள்ளே கை வைப்பதற்கு முன் 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கிளிப் கம்பிகளால் கெப்பாசிட்டரின் நேர்முனைக்கும் சேசிஸுக்கும் (பாகங்கள் பொருத்திய உலோகச் சட்டம்) இடையே சில நொடிகள் பிடித்து மின்னூட்டத்தை வடித்துவிட வேண்டும். 10 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே தொட வேண்டும். ஒரு கெப்பாசிட்டரை வடித்ததால் மற்றவையும் வடிந்திருக்கும் என்று நம்பாமல், ஒவ்வொன்றிலும் முனை வைத்துப் பார்ப்பது நல்லது. மின்சாரம் ஓடும்போது அளவெடுக்க நேர்ந்தால், மீட்டரின் கறுப்புக் கம்பியைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை மட்டும் ஒரு கையால் பிடிக்க வேண்டும். மற்றக் கை எந்த உலோகத்தையும் தொடாமல் விலகியிருக்க வேண்டும்.

பவர் வால்வுகள் செருகியிருக்கும்போது ஸ்பீக்கரோ, அதற்கு ஈடான சுமை ரெசிஸ்டரோ இல்லாமல் ஆம்ப்பை இயக்கக் கூடாது. இவ்வளவும் உங்களுக்குப் பழக்கமில்லாதது என்றால், சேசிஸை வெளியே எடுக்காமல் கண்ணாலும் காதாலும் செய்யக்கூடிய சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த அளவுக்கான வேலையும் கீழே கணிசமாக இருக்கிறது.

## சரியான அளவு எது என்று தெரிந்துகொள்ள

பழுதைத் தேடுவதற்கு முன் சரியான அளவு எது என்று தெரிந்திருக்க வேண்டும். நிலை பயாஸ் கொண்ட ஆம்ப்பில், அதாவது கிரிட்டுக்கு (வால்வின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) தனியாக ஒரு எதிர்மின்னழுத்தம் கொடுக்கப்படும் வகையில், ஒவ்வொரு வால்விலும் சிக்னல் இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அதை பிளேட் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் வெளித் தகடு) மின்னழுத்தத்தோடு பெருக்கினால் அந்த வால்வு தாங்கிக்கொண்டிருக்கும் வாட் கிடைக்கும். அது அந்த வால்வின் உச்ச வரம்பில் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஏபி வகுப்பு (இரு பக்க வால்வுகள் மாறி மாறிச் சிக்னலைச் சுமக்கும் வகை) ஆம்ப்புகளுக்கு எல்லோரும் பின்பற்றும் கணக்கு. பிளேட்டின் வரம்பு 6எல்6ஜிசிக்கு 30 வாட், இஎல்34க்கு 25 வாட், 6வி6ஜிடிக்கும் இஎல்84க்கும் 12 வாட். இஎல்34 வால்வின் பிளேட்டில் 450 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 வாட்டில் 70 சதவீதம் 17.5 வாட்; அதை 450ஆல் வகுத்தால் ஏறத்தாழ 39 மில்லிஆம்பியர். அதே 450 வோல்ட்டில் 6எல்6ஜிசிக்கு 21 வாட், அதாவது ஏறத்தாழ 47 மில்லிஆம்பியர். இவை மேல் எல்லைகள்; எட்டியே தீர வேண்டிய இலக்குகள் அல்ல. 60 சதவீதத்திலேயே ஒலி நன்றாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுவதைத்தான் நான் விரும்புவேன். வால்வும் கூடுதல் காலம் உழைக்கும்.

மின்னோட்டத்தை அளக்கப் பாதுகாப்பான வழி, ஒவ்வொரு வால்வின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) சேசிஸுக்கும் இடையே 1 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைப்பதுதான். அதன் குறுக்கே காணும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் ஒரு மில்லிஆம்பியர். சேசிஸைத் திறக்க விரும்பாதவர்கள், வால்வுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் அளவிடும் அடாப்டரைப் பயன்படுத்தலாம். கேத்தோடில் எடுக்கும் அளவில் ஸ்கிரீன் கிரிட்டின் (பிளேட்டுக்கு முன்னிருக்கும் இரண்டாவது கிரிட்) மின்னோட்டமும் சேர்ந்தே வரும் என்பதால், பிளேட்டின் உண்மையான பங்கு மீட்டர் காட்டுவதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அது பாதுகாப்பான பக்கத்துப் பிழை, கவலை வேண்டாம். சில ஆம்ப்புகளில் உற்பத்தியாளரே அளவிடும் முனை வைத்திருப்பார். அது ஒரு வால்வின் அளவா, இரண்டின் கூட்டா என்று முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸில் காணும் 60 மில்லிவோல்ட் இரண்டு வால்வுகளுக்கும் சேர்ந்தது; அதை ஒரு வால்வின் அளவாக எடுத்துக்கொண்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

இன்னும் ஒரு குழப்பம் அடிக்கடி நேர்கிறது. கிரிட்டின் எதிர்மின்னழுத்தம் கூடக்கூட வால்வின் மின்னோட்டம் குறையும். −40 வோல்ட்டை −45 ஆக்கினால் வால்வு குளிரும். −35 ஆக்கினால் சூடேறும்.

## அறிகுறி: வால்வின் பிளேட் சிவந்து எரிகிறது

ஹீட்டரின் ஆரஞ்சு ஒளி எந்த வால்விலும் இருக்கும். அது இதில் சேராது. வெளியே தெரியும் சாம்பல் நிற உலோகத் தகட்டில், பெரும்பாலும் அதன் மடிப்போரமாகவோ நடுப்பகுதியிலோ, மங்கிய செம்மை ஒன்று தோன்றிப் பரவுவதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும். அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடியின் உள்சுவரில் ஒட்டினாற்போல் தெரியும் நீல ஒளி பழுதல்ல. நல்ல வால்வுகளிலும் அது வரும். செம்மையைக் கண்டால் ஸ்டாண்ட்பைக்கு மாற்றுவதில் நேரத்தைப் போக்காமல் மெயின் சுவிட்சையே அணையுங்கள். அடுத்து எழ வேண்டிய கேள்வி ஒன்றே: சிவந்தது ஒரு வால்வா, எல்லா வால்வுகளுமா?

### ஒரே ஒரு வால்வு மட்டும் சிவக்கிறது

வால்வுகள் ஆறியதும் சிவந்ததையும் அதன் இணையையும் இடம் மாற்றிச் செருகி, அறையை இருட்டாக்கி, மெயின் சுவிட்சின் மேல் கையை வைத்துக்கொண்டே சில நொடிகள் பாருங்கள். சிவப்பு வால்வோடு இடம் பெயர்ந்தால் வால்வு கெட்டுவிட்டது. புதிய இணையை வாங்கிப் போட்டால் வேலை முடிந்தது. சிவப்பு பழைய சாக்கெட்டிலேயே தங்கிவிட்டால் வால்வின் மேல் பழியில்லை. புதிய வால்வைப் போட்டாலும் அதுவும் சிவக்கும். காசில்லாத இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே பலர் புது வால்வுகளை வாங்கிவிடுகிறார்கள்.

சாக்கெட் பக்கம்தான் பழுது என்றால், அந்த வால்வின் கட்டுப்பாட்டு கிரிட்டுக்கு எதிர்மின்னழுத்தம் முழுமையாக வந்து சேரவில்லை என்று பொருள். எட்டுப் பின் சாக்கெட்டில் அது 5ஆம் பின். இஎல்84 செருகும் ஒன்பது பின் சாக்கெட்டில் 2ஆம் பின். முதலில் சாக்கெட்டின் கவ்வியைப் பாருங்கள். பலமுறை வால்வு மாற்றிய சாக்கெட்டில் கவ்வி விரிந்து பின்னைப் பிடிக்காமல் விட்டிருக்கும். மெல்லிய ஊசியால் அதை நெருக்கிவிட்டு, காண்டாக்ட் கிளீனரால் துடைத்தாலே சரியாகிவிடுவது உண்டு. அதிர்வில் வந்து வந்து போகும் சிவப்புக்கு இதுவே முதல் சந்தேகம்.

கவ்வி சரியாக இருந்தால், மின்னூட்டத்தை வடித்துவிட்டு, கிரிட்டைப் பயாஸ் சப்ளையோடு இணைக்கும் கிரிட் லீக் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். பெரும்பாலான ஆம்ப்புகளில் அது 220 கிலோஓம். அது அறுந்திருந்தாலோ மெகாஓம் கணக்கில் ஏறியிருந்தாலோ கிரிட் கட்டுப்பாடின்றி மிதக்கும். ரெசிஸ்டர் ஒன்றின் விலையோடு முடிந்துபோகும் பழுது இது.

அடுத்தது கப்ளிங் கெப்பாசிட்டர். முந்தைய நிலையின் பிளேட்டில் உள்ள இருநூற்றுச் சொச்சம் வோல்ட்டைத் தடுத்து, சிக்னலை மட்டும் விடுவது இதன் வேலை. அது சிறிதளவு கசிந்தாலும் கிரிட்டில் நேர்மின்னழுத்தம் கலந்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பை இயக்கி, இரு பக்கச் சாக்கெட்டுகளின் கிரிட் பின்னிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். ஒரு பக்கம் −48, மறுபக்கம் −41 என்றால், அந்த 7 வோல்ட் கசிவுதான். அந்தப் பக்கத்துக் கெப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு மீண்டும் அளந்து, −48 திரும்பினால் ஐயமே இல்லை. பவர் வால்வு இல்லாதபோது உயர் மின்னழுத்தம் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறும் என்பதால், இந்த அளவை விரைவாக எடுத்துவிட்டு அணைத்துவிடுவது ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்களுக்கு நல்லது. மாற்றும்போது இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று கசிந்த வயதில் மற்றதும் அதே வழியில்தான் இருக்கும்.

### எல்லா வால்வுகளும் சிவக்கின்றன

முதல் கேள்வி: சரியான வகை வால்வா? இஎல்34க்காக அமைத்த ஆம்ப்பில் 6எல்6ஐ அப்படியே செருகினால், அங்கே இருக்கும் எதிர்மின்னழுத்தம் அதற்குப் போதாமல் மின்னோட்டம் மிகையாக ஓடலாம். மறுதிசையில், 6எல்6 ஆம்ப்பில் இஎல்34ஐச் செருகுவதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். 6எல்6 வால்வின் ஹீட்டர் 0.9 ஆம்பியர் இழுக்கிறது. இஎல்34 வால்வின் ஹீட்டர் 1.5 ஆம்பியர் இழுக்கும். நான்கு வால்வு ஆம்ப்பில் அந்த வேறுபாடு பவர் டிரான்ஸ்ஃபார்மரைச் சுட்டுவிடும். மேலும், இஎல்34 வால்வின் 1ஆம் பின்னில் சப்ரெசர் கிரிட் (மூன்றாவது கிரிட்) இருப்பதால் அது கேத்தோடான 8ஆம் பின்னோடு இணைந்திருக்க வேண்டும். 6எல்6 ஆம்ப்புகள் பலவற்றில் அந்த இணைப்பு இருக்காது.

வால்வு சரியானதே என்றால், பயாஸ் சப்ளையே விழுந்திருக்கிறது. பவர் வால்வுகளைக் கழற்றிவிட்டு கிரிட் பின்களில் அளந்தால், எல்லாச் சாக்கெட்டிலும் பூஜ்யமோ மிகக் குறைந்த எண்ணோ தெரியும். இங்கிருந்து வரிசையாகப் பின்னோக்கிப் போக வேண்டும். முதலில் பிரீசெட்: அதன் நகரும் முனை தடத்தில் ஒட்டாமல் தூக்கிக்கொண்டாலே பயாஸ் காணாமல் போய்விடும். அடுத்தது பயாஸ் சப்ளையின் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். நாள்பட்ட ஆம்ப்பில் இது வறண்டு போவது மிக இயல்பு. அதன் நேர்முனை சேசிஸ் பக்கம் இருக்க வேண்டும் என்பதை மாற்றும்போது மறந்துவிடாதீர்கள். மற்ற ஃபில்ட்டர்களின் வழக்கத்தில் கை போய் இதைத் தலைகீழாக வைத்துவிடுவது உண்டு. அதன் பிறகு டையோடு, டையோடுக்கு முந்தைய ரெசிஸ்டர். இவை எல்லாம் மலிவான பாகங்கள். இவை அனைத்தும் நன்றாக இருந்தும் டிரான்ஸ்ஃபார்மரின் பயாஸ் முனையில் ஏசி மின்னழுத்தமே இல்லை என்றால், அத்துடன் நிறுத்திவிட்டுத் தொழில்முறைப் பழுதுநீக்குநரிடம் கொடுத்துவிடுங்கள்.

நிலை பயாஸ் ஆம்ப் எதைத் திறந்தாலும் நான் செய்ய விரும்பும் சிறிய திருத்தம் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பிரீசெட்டின் நகரும் முனைக்கும், அதன் மிகுந்த எதிர்மின்னழுத்தம் உள்ள ஓர முனைக்கும் இடையே 220 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துவிட்டால், நகரும் முனை என்றாவது தூக்கிக்கொண்டாலும் கிரிட்டுக்கு முழு எதிர்மின்னழுத்தம் போய்ச் சேரும். ஒலி மெலியுமே தவிர வால்வுகள் எரியாது.

## அறிகுறி: ஃபியூஸ் எரிகிறது

பெரிய ஃபியூஸைப் போட்டுப் பார்க்கும் எண்ணமே கூடாது. ஃபியூஸின் இடத்தில் அடுத்து எரியப்போவது டிரான்ஸ்ஃபார்மர்.

பவர் வால்வுகள் அனைத்தையும் கழற்றிவிட்டு, குறித்த அளவிலேயே புதிய ஃபியூஸ் போட்டு இயக்குங்கள். ஃபியூஸ் நின்றுவிட்டால் பழுது வால்வுகளிலோ பயாஸிலோ இருக்கிறது. வால்வுகளைத் திரும்பச் செருகுவதற்கு முன் எல்லாக் கிரிட் பின்களிலும் எதிர்மின்னழுத்தம் இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். இல்லையென்றால் முந்தைய பகுதிக்குப் போக வேண்டும். இருந்தால், நன்றாக இருப்பதாகத் தெரிந்த இணை ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். மெயினுக்குத் தொடராக 60 அல்லது 100 வாட் இழை பல்பு ஒன்றை இணைத்து இந்தச் சோதனைகளைச் செய்வது நல்ல பழக்கம்: உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு ஒளியில் எரியும், ஆம்ப் தப்பிக்கும். எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. பல்பு தொடரில் இருக்கும்போது எல்லா மின்னழுத்தமும் குறைந்திருக்கும் என்பதால் அந்த நிலையில் பயாஸை அமைக்கவும் கூடாது.

பவர் வால்வுகள் இல்லாமலேயே ஃபியூஸ் எரிந்தால், ரெக்டிஃபையர் வால்வு (ஏசியை டிசியாக்குவது) உள்ள ஆம்ப்பில் அதையும் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னும் எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பக்கம் சந்தேகம் விழுகிறது. அது நீங்கள் செய்யும் வேலையல்ல.

## அறிகுறி: ஒலி மெலிந்து, அடங்கும் இடத்தில் கரகரக்கிறது

ஒரு சுரத்தை மீட்டி அடங்க விடும்போது, அதன் வால் பகுதியில் மணல் உரசுவதுபோல் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதா? ஒலியில் கனமில்லாமல், மெதுவாக வாசிக்கும்போது தட்டையாகவும் பலமாக வாசிக்கும்போது கூர்மையாகவும் இருக்கிறதா? அது வால்வுகள் மிகவும் குளிர்ந்து ஓடுவதன் அடையாளம். சிக்னல் ஒரு வால்விடமிருந்து மற்ற வால்வுக்குக் கைமாறும் இடத்தில் இரண்டுமே மூடியிருப்பதால் அந்த இடத்தில் அலை நசுங்குகிறது.

ஆனால் அதே கரகரப்பு கிழிந்த ஸ்பீக்கர் கோனிலிருந்தும் வரும். ஆகவே முதல் வேலை, வேறொரு ஸ்பீக்கரை மாட்டிக் கேட்பது. அதிலும் தொடர்ந்தால் மின்னோட்டத்தை அளந்து பாருங்கள். வரம்பில் 30, 40 சதவீதத்திலேயே வால்வுகள் நிற்கின்றன என்றால் காரணம் தெளிவு. புதிய வால்வு போட்டதிலிருந்துதான் இப்படி என்றால், பழைய வால்வுக்கு வைத்த அமைப்பு புதியதற்குப் பொருந்தவில்லை, அவ்வளவே. பிரீசெட்டை நியாயமாகத் திருப்பக்கூடிய இடம் இதுதான். சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் பிளேட் மின்னழுத்தத்தையும் மறுபடி அளந்து கணக்கிடுங்கள். மின்னோட்டம் ஏறும்போது பிளேட் மின்னழுத்தம் இறங்கும் என்பதால், தொடக்கத்தில் எழுதிவைத்த எண்ணை வைத்து முடிவுக்கு வரக் கூடாது.

பழைய வால்வுகளே இருந்து, ஒலி மெல்ல மெல்ல இப்படி மாறியிருந்தால் வால்வுகள் களைத்துவிட்டன. பயாஸைச் சூடாக்கி அவற்றை இழுத்துப் பிடிப்பதில் பயனில்லை. ஒரு வால்வு மட்டும் மின்னோட்டமே இல்லாமல் கிடந்தால் அதன் ஸ்கிரீன் ரெசிஸ்டரை அளந்து பாருங்கள். ஃபெண்டர் ஆம்ப்புகளில் 470 ஓம், மார்ஷல் ஆம்ப்புகளில் 1 கிலோஓம் என்பது வழக்கமான அளவு. எப்போதோ ஒரு வால்வு உள்ளுக்குள் ஷார்ட் ஆனபோது அது எரிந்து அறுந்திருக்கும்.

## அறிகுறி: ஓயாத ஹம்

எல்லா ஹம்முக்கும் பயாஸ் காரணமாகாது. முதலில் எல்லா வால்யூமையும் பூஜ்யத்தில் வையுங்கள். ஹம் நின்றுவிட்டால் அது முன்பகுதியிலிருந்தோ கிட்டாரிலிருந்தோ வருகிறது, இந்தக் குறிப்பு அதற்கு உதவாது. தொடர்ந்தால், பவர் வால்வுகளுக்கு முந்தைய, சிக்னலை இரு பக்கத்துக்கும் எதிரெதிராகப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் வால்வைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் மாறாமல் நின்றால் பவர் நிலையிலோ சப்ளையிலோதான் காரணம்.

தள்ளு-இழு அமைப்பில், அதாவது இரு பக்க வால்வுகள் எதிரெதிராக இயங்கும் அமைப்பில், இரு பக்க மின்னோட்டமும் சமமாக இருக்கும்போது சப்ளையின் அலைவு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். ஒரு பக்கம் 25, மறுபக்கம் 42 மில்லிஆம்பியர் என்று விலகியிருந்தால் அந்த அலைவு ஹம்மாக வெளியே வரும். ஐந்து மில்லிஆம்பியர் வரையிலான வேறுபாட்டை நான் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் என்றால், நான்கு வால்வு ஆம்ப்பில் புதியது வாங்குவதற்கு முன் வால்வுகளை இடம் மாற்றி, இரு பக்கக் கூட்டுத் தொகையும் நெருங்கி வருமாறு அமைத்துப் பாருங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1960களின் இறுதியில் வெளிவரத் தொடங்கிய வெள்ளி முகப்பு ஃபெண்டர் ஆம்ப்புகள் சிலவற்றில் பின்புறம் காணும் பிரீசெட் பயாஸின் அளவை மாற்றாது. இரு பக்கங்களுக்கு இடையிலான சமநிலையை மட்டுமே மாற்றும். அதை ஹம் மிகக் குறையும் இடத்தில் நிறுத்துவதுதான் முறை. மின்னோட்டத்தைக் கூட்டக் குறைக்க அதைத் திருப்பிக்கொண்டிருந்தால், ஒரு வால்வு குளிரும்போது மற்றது சூடேறுமே தவிர வேறொன்றும் நடக்காது.

இரு பக்கமும் சமமாக இருந்தும் ஹம் குறையவில்லை என்றால், மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பயாஸ் சப்ளையை அளந்து பாருங்கள். வோல்ட் கணக்கில் அலைவு தெரிந்தால் பயாஸ் கெப்பாசிட்டரை மாற்ற வேண்டும். அதுவும் நன்றாக இருந்தால் உயர் மின்னழுத்த ஃபில்ட்டர் கெப்பாசிட்டர்களின் முறை. பழகிய கை இல்லாதவர்கள் அந்த வேலையைப் பழுதுநீக்குநரிடம் விடுவது நல்லது.

## அறிகுறி: அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது

ஆம்ப்பை இயக்கிய முதல் 15, 20 நிமிடங்களுக்குள் சிறிது நகர்வது இயல்பு. அதற்கு முன் எடுக்கும் அளவை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது. சுவர் மின்சாரம் ஏறி இறங்கினாலும் அளவு ஏறி இறங்கும். அதையும் ஒரு மீட்டரில் பார்த்துக்கொண்டால் வீண் தேடல் மிச்சம். பிரின்ஸ்டன் ரிவெர்ப் போன்று, ட்ரெமோலோ (ஒலியளவைச் சீராக ஏற்றி இறக்கும் விளைவு) நேரடியாகப் பயாஸையே அசைக்கும் ஆம்ப்புகளில் அதை முற்றிலும் அணைத்துவிட்டு அளக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பிறகும் 38, 41, 46 என்று எண் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது. இதன் காரணத்தைப் பிரித்தறிய எனக்கு மிகப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. ஆம்ப் ஓடும்போது, சிக்னல் எதுவும் இல்லாமல், 220 கிலோஓம் கிரிட் லீக் ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே டிசி மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். நல்ல நிலையில் அங்கே ஏறத்தாழ பூஜ்யம்தான் இருக்கும், ஏனென்றால் கிரிட் மின்னோட்டத்தை இழுப்பதில்லை. அங்கே 2.2 வோல்ட் தெரிந்தால், 10 மைக்ரோஆம்பியர் எங்கிருந்தோ கிரிட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது, அந்த 2.2 வோல்ட் அப்படியே பயாஸிலிருந்து கழிந்துகொண்டிருக்கிறது. ஆம்ப்பை அணைத்து, அந்த வால்வைக் கழற்றிவிட்டு மீண்டும் அளங்கள். மின்னழுத்தம் மறைந்துவிட்டால் குற்றவாளி வால்வு: அதன் கிரிட் சூடேறி எலக்ட்ரான்களை உமிழ்கிறது, அல்லது உள்ளே வாயு கசிந்திருக்கிறது. மின்னழுத்தம் அப்படியே நின்றால் குற்றவாளி கப்ளிங் கெப்பாசிட்டர். இடுக்கில் இருக்கும் ஒரு ரெசிஸ்டரின் மேல் மீட்டரின் இரு முனைகளையும் கிளிப்பால் முன்கூட்டியே மாட்டிவிட்டு, அதன் பிறகு ஆம்ப்பை இயக்கினால் கை நழுவும் அபாயம் இல்லை. மாட்டும் இரு புள்ளிகளுமே சேசிஸை நோக்கி எதிர்மின்னழுத்தத்தில் இருப்பதால் கிளிப்புகள் சேசிஸைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: வால்யூமைக் கூட்டினால் மின்னோட்டம் ஏறுகிறது, கிட்டார் செருகவே இல்லை

காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அலைவுகளை உண்டாக்கிக்கொண்டிருக்கிறது. பயாஸைத் திருத்திப் பயனில்லை. உள்ளே கம்பி மாற்றியோ வால்வு மாற்றியோ இருந்தால், முதலில் அந்த மாற்றத்தைத் திருப்பிப் பாருங்கள். காய்ந்த மரக்குச்சி ஒன்றால் கிரிட் கம்பியைப் பிளேட் கம்பியிலிருந்து விலக்கும்போது எண் சட்டென்று இறங்கினால், கம்பி போகும் பாதைதான் காரணம். கிரிட்டுக்குத் தொடராக இருக்க வேண்டிய கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டர் இல்லாமலோ ஷார்ட் ஆகியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியதிலிருந்து இப்படி என்றால், அதன் இரு பிளேட் கம்பிகளும் இடம் மாறிப்போய் ஃபீட்பேக் (வெளியீட்டிலிருந்து பின்னுக்குத் திரும்பும் சிக்னல்) தலைகீழாகியிருக்கலாம். இவற்றில் எதுவும் பிடிபடவில்லை என்றால் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். மல்டிமீட்டரால் இதற்கு மேல் பார்க்க முடியாது.

## அறிகுறி: பிரீசெட் எல்லைவரை போயும் அளவு சரியாக வரவில்லை

எல்லைவரை குளிர்த்தும் மின்னோட்டம் கூடுதலாகவே இருக்கிறது என்றால், மேலே சொன்ன கசிவும் சப்ளைக் கோளாறும் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகே வீச்சை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். ஃபெண்டர் வகை அமைப்பில் பிரீசெட்டின் ஒரு முனையிலிருந்து சேசிஸுக்குப் போகும் 27 கிலோஓம் ரெசிஸ்டரின் மதிப்பைக் கூட்டினால் எதிர்மின்னழுத்தம் கூடும், குறைத்தால் குறையும். மீசா பூகி ஆம்ப்புகள் பலவற்றைப் போல் பிரீசெட்டே இல்லாத நிலை பயாஸ் என்றால், அந்த ஆம்ப்புக்கென்று தரம் பிரித்த வால்வுகளை வாங்குவதே எளிய வழி.

## கேத்தோடு பயாஸ் ஆம்ப்புகளில்

வாக்ஸ் ஏசி30 போன்றவற்றில் பிரீசெட் இல்லை. கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே பயாஸை அமைத்துக்கொள்கிறது. அளக்க வேண்டியதும் அதன் குறுக்கேதான். நான்கு இஎல்84 வால்வுகள் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பகிரும் ஆம்ப்பில் 10 வோல்ட் தெரிந்தால், மொத்தம் 200 மில்லிஆம்பியர், ஒவ்வொன்றுக்கும் 50. இத்தகைய ஆம்ப்புகள் இயல்பிலேயே வரம்பை ஒட்டிச் சூடாக ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. 70 சதவீதக் கணக்கை இங்கே கொண்டுவந்து பொருத்தக் கூடாது.

எல்லா வால்வுகளும் ஒன்றாகச் சிவந்து, கேத்தோடில் மின்னழுத்தம் ஏறத்தாழ பூஜ்யமாக இருந்தால், ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் இணையாக இருக்கும் பைபாஸ் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டது. கேத்தோடில் வழக்கத்தைவிடக் கூடுதல் மின்னழுத்தம் இருந்து ஒலி மெலிந்திருந்தால், ரெசிஸ்டரின் மதிப்பு ஏறியிருக்கும். இரண்டையும் ஒருசேர மாற்றிவிடலாம். ஒரு வால்வு மட்டும் சிவந்தால் இடம் மாற்றும் சோதனையும் கப்ளிங் கெப்பாசிட்டர் சோதனையும் நிலை பயாஸுக்குச் சொன்னபடியேதான். வால்வு கழற்றிய நிலையில் கிரிட் பின்னில் பூஜ்யம் இருக்க வேண்டும், அங்கே நேர்மின்னழுத்தம் எவ்வளவு தெரிந்தாலும் அது கசிவு.

## பழுதுநீக்குநரிடம் கொடுக்கும்போது

டிரான்ஸ்ஃபார்மர் முனையில் மின்னழுத்தம் இல்லாதபோது, வால்வு இல்லாமலேயே ஃபியூஸ் எரியும்போது, பிரிண்டட் போர்டில் கருகிய தடம் தெரியும்போது, சூடான தார் போன்ற மணம் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும்போது மேற்கொண்டு இயக்கிப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். ஆம்ப்போடு ஒரு தாளையும் கொடுங்கள்: எந்தச் சாக்கெட்டில் என்ன மின்னோட்டம், பிளேட் மின்னழுத்தம், வால்வு கழற்றிய நிலையில் ஒவ்வொரு கிரிட் பின்னிலும் என்ன எண், இயக்கி எத்தனை நிமிடத்துக்குப் பின் அளந்தது, வால்வுகளை இடம் மாற்றியபோது பழுது எங்கே போனது. பிரீசெட்டைத் தொட்டிருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். தொடுவதற்கு முன் இருந்த அளவு குறிப்பில் இருந்தால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.